பதினோரு இலை

விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து வைகைப் பக்கம் இறங்கும் மண்பாதையில் கால் மைல் போனால், கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு கிட்டங்கி நின்றது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. செங்கல் சுவர், தகரக் கூரை, சன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பட்டாளக் கிட்டங்கி என்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட மழைக்கு அதில் ஒதுங்குவதில்லை. 1983 ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலையில், அழகுமலை தன் ரேடியோ செட் சாமான்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்து இறங்கினான்.

வராமல் இருந்திருக்கலாம். சோழவந்தானில் அதே வாரம் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் நாடகம் என்று காதில் விழுந்துவிட்டால் அழகுமலைக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. விசேஷ வீடுகளில் பாட்டுப் போடுவதும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதும் அவனுக்குப் பிழைப்பு. நாடகங்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பதுதான் கிறுக்கு. இடி வேண்டுமா, குதிரை வேண்டுமா, சந்தை இரைச்சல் வேண்டுமா, எல்லாம் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்திருப்பான். பெண்டாட்டி சின்னத்தாயின் பிரசவ வலியைக்கூட ஆஸ்பத்திரி வாசலில் மைக்கை நீட்டிப் பிடித்தவன் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

கிட்டங்கிக்குத் தகரம் அடித்த இரட்டைக் கதவு. கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. உள்ளே நுழைந்ததும் பழைய சாக்கு நாற்றமும் எலிப்புழுக்கை நாற்றமும் அடித்தன. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. வடித்த கஞ்சியின் வாடை. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இடத்தில் சுடுகஞ்சி எங்கிருந்து மணக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டான்.

நாடகம் போடுகிறவர் அப்துல் அலீம். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர், மெலிந்த மனிதர், பேசும்போது ஒரு இடத்தில் நிற்கமாட்டார். கிட்டங்கிக்குள் நாலு மூலைக்கும் நடந்தபடியே அழகுமலைக்கு விவரம் சொன்னார். பர்மாச் சண்டைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான பேரைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு காடு மலையெல்லாம் நடந்தவர்களாம். சண்டை முடிந்து ஊருக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த சமயத்தில், இந்தப் பக்கத்து முகாமில் பதினோரு பேருக்கு வைசூரி கண்டது. அவர்களை இந்தக் கிட்டங்கியில் ஒதுக்கி வைத்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு பழைய காகிதத்தில் பதினோரு பெயர்கள் மட்டும் அவருக்குக் கிடைத்திருந்தன.

"மகால்ல ஒலி ஒளி போடுறாங்கள்ல, அந்த மாதிரி. ஆனா ஜனங்க உக்காந்து பாக்கப் போறதில்ல. உள்ள நிப்பாங்க. கதவச் சாத்திருவோம்" என்றார் அலீம் சார்.

நடிகர்கள் கிடையாது. கல்லூரிப் பையன்களுக்குக் கரி பூசி ஆட விடுவது அந்த மனிதர்களைக் கேவலப்படுத்துவது என்று அவர் சொல்லிவிட்டார். சுவரில் வெள்ளைத் துணிகள் தொங்கும், அதில் ஸ்லைடு விழும். நாலு மூலையிலிருந்தும் சத்தம் வரும். கானா நாட்டிலிருந்து பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த சாமுவேல் என்ற இளைஞர் பதினோரு பெயர்களையும் உரக்க வாசிப்பார். பிறகு ஒரு சமையல்காரன் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். பிறகு மூன்று நிமிஷம் இருட்டு. விளக்குப் போட்டதும் தரையில் வரிசையாகப் பதினோரு வாழையிலை தெரியும். வெறும் இலை.

அழகுமலைக்கு அது பிடிக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு, இலையையும் போட்டு, சோறு வைக்காமல் விடுவதா என்று கேட்டான்.

"அதுதான் நாடகமே" என்றார் சார்.

படித்தவர் சொல்கிறார், நமக்கென்ன என்று அவன் வயரை இழுக்கப் போய்விட்டான்.

சமையல்காரன் குரல்தான் சரியாக வரவில்லை. திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் ஆடுகிற இரண்டு பேரைக் கூட்டிவந்து பேச வைத்தான். இருவரும் ராஜா தர்பாரில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள். புதன்கிழமை அப்படியே வீணாய்ப் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் பேயாண்டி. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம், அந்தப் பக்கத்தில் அது சாமி பெயர். அறுபத்து மூன்று வயது. வாலிபத்தில் பட்டாளத்துச் சமையல் கொட்டகையில் எடுபிடியாக இருந்தார் என்பது அழகுமலைக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு இரண்டு வினோதப் பழக்கங்கள் உண்டு. தட்டில் சாப்பிடமாட்டார், ஒற்றைக் கவளமானாலும் இலை வேண்டும். திண்டுக்கல் சாலைக்குப் போக வேண்டுமானால் கிட்டங்கிப் பாதையில் போகமாட்டார், ஆற்றோரமாக ஒரு மைல் சுற்றிக்கொண்டு போவார்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. உச்சி வேளையில் தூங்கும்போது உளறுவார்.

"மூசா... அடாமு... கோபி... சோறு வந்துருச்சு, வாங்க..."

பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அன்றைக்குத்தான் அழகுமலைக்கு அது காதில் ஏறியது. சாரின் பட்டியலில் மூசா உண்டு. அடாமு உண்டு. கோஃபி என்று ஒரு பெயர், அதுவும் உண்டு.

வேறொருவனாக இருந்தால் அப்பாவை எழுப்பி என்ன ஏது என்று கேட்டிருப்பான். இவன் ஓடிப்போய் டேப் ரிக்கார்டரைத் தூக்கிவந்தான். மைக்கைத் தலையணைப் பக்கம் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், எதிரில் ஆள் எழுந்து வருவதற்கு நேரம் கொடுப்பதுபோல நிறுத்தினார். இப்படி ஒரு குரல் எந்த நடிகனுக்கும் வராது என்று அழகுமலைக்குப் புல்லரித்தது.

கிட்டங்கிக்குத் திரும்பி ஹெட்போனில் போட்டுக் கேட்டான். மூசா. இடைவெளி. அந்த இடைவெளியில் ஏதோ உரசியது. அடாமு. மறுபடி உரசல். ஈர இலையைத் தரையில் இழுக்கும் சத்தம் அது. சத்தங்களோடு பதினைந்து வருஷம் பழகியவனுக்கு அதில் சந்தேகம் வராது. ஆனால் அப்பா படுத்திருந்தது கயிற்றுக் கட்டிலில், பக்கத்தில் இலை ஏதும் இல்லை. நாடா பழசு, அதனால்தான் இரைகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிடவில்லை. இலை முன்னால் உட்கார்ந்தார், தண்ணீர் தெளித்தார், கையால் துடைத்தார், எழுந்துவிட்டார். பசியில்லை போல என்றாள் சின்னத்தாய். வெள்ளிக்கிழமை காலையிலும் அப்படியே.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முதல் ஒத்திகை. சார், சாமுவேல், அழகுமலை, மூன்றே பேர். கதவைச் சாத்தினார்கள். சாமுவேல் பெயர்களை வாசித்தார். அவர் வாயில் அந்தப் பெயர்கள் உருண்டு, முழுதாக, சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தவை மாதிரி வந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அழகுமலை டேப்பைப் போட்டான்.

குரல் முடிந்ததும் விளக்கை அணைத்தான். மூன்று நிமிஷம். வெளியே ஆடிக்காற்று தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கஞ்சி வாடை கூடியது.

விளக்குப் போட்டான்.

பதினோரு இலையிலும் தண்ணீர் தெளித்திருந்தது.

தெளித்ததோடு இல்லை, துடைத்தும் இருந்தது. ஒவ்வொரு இலையிலும் விரல்கள் போன தடம் குறுக்கே ஓடியது. சாப்பிட உட்கார்ந்தவன் பரிமாறுவதற்கு முன்னால் செய்கிற காரியம். கிட்டங்கிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடிக்கிற பானை வெளியே மரத்தடியில் இருந்தது.

கூரை ஒழுகியிருக்கும் என்றார் சார். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. சாமுவேல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாடகம் முடியும்வரை அவர் கிட்டங்கிக்குள் செருப்புப் போடவே இல்லை.

சனிக்கிழமை ஒத்திகையில் இருட்டு கலைந்தபோது எட்டு இலைகள் வரிசையில் இருந்தன. மற்ற மூன்றும் கதவடியில் கிடந்தன. பாதி உள்ளே, பாதி அந்த ஒரு சாண் இடைவெளிக்குள். வெளியில் நிற்பவனிடம் நீட்டிய மாதிரி.

"காத்து" என்றார் சார். காற்று வெளியிலிருந்து உள்ளே அடிக்கிறது, இலை எப்படி வெளியே போகும்?

வீட்டுக்குப் போனால், அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு ஆறிக் கிடந்தது. முழுதாக இரண்டு நாள் பட்டினி. கன்னம் ஒட்டிவிட்டது. சின்னத்தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு மூலையில் நின்றாள். இப்படியே போனால் அப்பா இந்த வாரத்தைத் தாண்டமாட்டார் என்று அழகுமலைக்குப் பகீரென்றது.

"ஏன்ப்பா சாப்பிட மாட்டேங்கிறீக?"

"கூப்ட்டுட்டேன்டா" என்றார் அப்பா. "அவய்ங்க உக்காந்துட்டாய்ங்க. அவய்ங்களுக்குப் போடாம நான் எப்படித் திங்கிறது?"

அழகுமலை அவர் காலடியில் உட்கார்ந்து, டேப்பில் பிடித்ததையும் கிட்டங்கியையும் சொன்னான். அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறவர் மாதிரி மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

பதினோரு பேரையும் உள்ளே போட்டுப் பூட்டி, சோறு கொண்டுபோகிற வேலையைப் பேயாண்டிக்குக் கொடுத்தார்கள். தட்டுக் கிடையாது, கழுவினால் நோய் ஒட்டும். கதவுக்கு அடியில் இலையைத் தள்ளி, அகப்பையை விட்டுச் சோறு வைப்பார். தண்ணீர் தெளிப்பதையும், சாப்பிட்டபின் இலையை மடிப்பதையும் அவர்தான் வெளியிலிருந்து சைகையும் பேச்சுமாகச் சொல்லிக்கொடுத்தார். மடித்த இலைகளை அவர்கள் வெளியே தள்ளுவார்கள். குச்சியால் இழுத்து, எண்ணிப் பார்த்து, கொளுத்திவிடுவார். எத்தனை இலை வருகிறதோ அத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். பதினொன்று வந்தது. பிறகு ஒன்பது. பிறகு ஏழு, நாலு. முகாம் லாரிகள் கிளம்பிப் போயின, சாவி சார்ஜன்ட் கையோடு போய்விட்டது, இன்னொரு லாரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் மூன்று இலை. மூசா, அடாமு, கோபி. மூன்றும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு நோய் இறங்கிவிட்டிருந்தது.

"ஒங்காத்தாளுக்கு அப்ப நெறமாசம்" என்றார் அப்பா. "அரைகொறையா நம்ம பேச்சப் படிச்சுக்கிட்டு, தெனமும் கேப்பாய்ங்க. பிள்ள பொறந்துச்சா, பிள்ள பொறந்துச்சானு. மூசாவுக்கு ஊர்ல ஒரு பிள்ள இருந்துச்சாம்."

வலி கண்ட அன்றைக்கு மாமியார் வாசலை மறித்தாள். அங்கே போய்வந்த காலோடு பிள்ளை பிறக்கிற வீட்டுக்குள் வராதே என்றாள். பேயாண்டி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிள்ளையைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. லாரி வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கதவடியில் மூன்று இலைகள் பாதி வெளியே நீண்டபடி காய்ந்து கிடந்தனவாம்.

"வெறும் இலைடா. தொடச்சு வச்சிருந்தாய்ங்க."

அழகுமலை அழுதான். தான் பிறந்த கதை இப்படி ஒரு கதையாக இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக சாரிடம் போய், அந்தக் குரல் வேண்டாம் என்றான். காரணம் சொல்ல வெட்கம் தடுத்தது. அழைப்பெல்லாம் போய்விட்டது, வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள், குரல் இல்லாமல் நாடகமே இல்லை என்றார் அவர். சரி என்று தலையாட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது பிளேடால் அந்தத் துண்டு நாடாவை வெட்டியெடுத்து, வெற்று நாடா ஒட்டி, வெட்டியதைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கூப்பிடாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவன் கணக்கு.

சாயங்காலம் ஆறரைக்கு அறுபது பேர் கிட்டங்கிக்குள் நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள். கதவோரம் மேசை போட்டு அழகுமலை உட்கார்ந்திருந்தான். சாமுவேல் வாசித்தார். துணிகளில் கப்பல்கள் வந்தன, காடு வந்தது, தலையில் பெட்டி சுமந்த மனிதர்கள் நாலு பக்கமும் நடந்தார்கள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. நாடகம் நிஜமாகவே நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

குரல் வர வேண்டிய இடம் வந்தது. ஸ்பூல் சும்மா சுற்றியது.

விளக்கை அணைத்தான்.

"மூசா..."

நாலு மூலையிலிருந்தும் வந்தது. அதே கரகரப்பு, அதே நிறுத்தம். அழகுமலை சட்டைப்பையைத் தொட்டான். நாடாச் சுருள் அங்கேதான் இருந்தது.

"அடாமு..."

ஆம்ப்ளிஃபையரை அணைத்தான். அதன் சிவப்பு விளக்கும் அணைந்தது.

"கோபி... சோறு வந்துருச்சு, வாங்க..."

பிறகு பசி வந்தது.

அறுபது பேருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. ஒரு வேளை சாப்பிடாத பசி இல்லை. வயிறு முதுகோடு ஒட்டி, நாக்கு வறண்டு, காதுக்குள் கூவுகிற பசி. இருட்டில் யாரோ முனகினார்கள். ஒரு பெரிய மனிதர் வாய்விட்டு அழுதார். ஆட்கள் கதவைப் பிடித்து இழுத்தார்கள். கதவு அசையவில்லை. அழகுமலை விளக்கு சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். விளக்கு வரவில்லை.

அவன் காலடியில், கதவின் அடித் தகரத்தில், உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

தட்டியது உள்ளிருந்து. தரையில் கிடப்பவன் தட்டுகிற உயரத்தில்.

அப்போதுதான் கதவிடுக்கின் வழியாகக் கருவாட்டுக் குழம்பின் மணம் வந்தது.

"விலகி நில்லு, அழகுமல. நான்தான்."

அறுபது பேருக்கு வராத கதவு பேயாண்டி ஒரு கையால் தள்ளியதும் திறந்தது. பொழுது மங்கிய வெளிச்சத்தில் அவர் நின்றார். மூன்று நாளைக்கு மேல் பட்டினி கிடந்த மனிதர், தலையில் சோற்றுப் பானை, கையில் குழம்புச் சட்டி. பானையின் வாயை ஒரு வாழையிலை போட்டு மூடியிருந்தார். ஆற்றோரம் சுற்றாமல், கிட்டங்கிப் பாதையிலேயே நடந்து வந்திருந்தார்.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சொல்ல வேண்டியதே இல்லை, கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. சாரும் சாமுவேலும் மரத்தடியில் நின்றார்கள். அழகுமலை வாசலில் அப்பாவின் கையைப் பிடித்தான். செத்தவர்களுக்குப் படைத்தால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் உயிருள்ள ஆள் உள்ளே இருக்கக்கூடாது. பச்சைப்பிள்ளையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"வச்சுட்டு வந்துருங்கப்பா. உள்ள நிக்கக் கூடாது."

"பரிமாற ஆள் வேணும்ல" என்றார் அப்பா. மகன் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கதவு மறுபடியும் இறுகிக்கொண்டது. அழகுமலை தகரத்தில் காதை வைத்தான். பானையில் அகப்பை உரசியது. ஒரு இலை, நகர்ந்து இன்னொரு இலை. அப்பா ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லிப் போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றார். மென்று தின்னும் சத்தம் கேட்டது. பதினைந்து வருஷமாகச் சத்தம் பிடிப்பவன் சொல்கிறான், அது ஒரு ஆள் தின்னும் சத்தம் இல்லை.

பிறகு அப்பாவின் குரல்.

"பிள்ள பொறந்துருச்சு, மூசா. ஆம்பளப் பய. வெளியதான் நிக்கிறான்."

உள்ளே கனத்த குரல்கள், பல குரல்கள், அடக்கமாகச் சிரித்தன.

அழகுமலை கதவை விட்டு நகரவில்லை. அவன் காலடியில் கதவிடுக்கின் வழியாக ஒரு இலை வெளியே வந்தது. சாப்பிட்டு, ஒழுங்காக மடித்த இலை. அடுத்தது வந்தது. அவன் குனிந்து எண்ண ஆரம்பித்தான். நாலு. ஏழு. ஒன்பது. பத்து.

பதினொன்று.

முடிந்தது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள், இனி அப்பா வருவார், வீட்டுக்குப் போய் அவரும் சாப்பிடுவார். மரத்தடியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

அப்போது பன்னிரண்டாவது இலை வந்தது.

மற்றவற்றைவிடச் சின்ன இலை. அப்பா பானையின் வாயை மூடிக் கொண்டுவந்த இலை.

கதவைத் தொட்டதும் திறந்துகொண்டது. வரிசையின் கடைசியில் அப்பா சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. முகத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவரின் களைப்பு. உயிர் இல்லை. பானையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாகச் சாப்பிட்டதால் இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அலீம் சார் அந்த நாடகத்தை மறுபடி போடவில்லை. பதினாறாம் நாள் அவர் வந்து மூசாவுக்கும் அடாமுவுக்குமாக ஓதினார், சாமுவேல் மற்றவர்களுக்கு ஜெபம் செய்தார், அழகுமலை கிட்டங்கி வாசலில் கற்பூரம் ஏற்றி நாடாச் சுருளை அதில் போட்டுப் பொசுக்கினான். அதோடு எல்லாம் அடங்கியது என்றுதான் நினைத்தார்கள்.

தை மாதம் சோழவந்தானில் ஒரு கல்யாணம். பந்தி போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க என்று அழகுமலையின் மைக்கில் சொன்னார்கள். முதல் பந்தி எழுந்தபோது பரிமாறுகிற ஆட்களுக்குள் சண்டை வந்தது. ஓரத்தில் ஆள் உட்காராத இடத்தில் இலை போட்டுச் சோறு வைத்தது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அழகுமலை போய்ப் பார்த்தான். பன்னிரண்டு இலைகள், சாப்பிட்டு மடித்தபடி கிடந்தன.

அன்றிலிருந்து எங்கே குழாய் கட்டினாலும் பந்தியின் ஓரத்தில் பன்னிரண்டு இலை போடச் சொல்லிச் சோறு வைக்க வைப்பான். செலவுக்குத் தன் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்வான். கடைசி இரண்டு இலையும் மூசாவுக்கும் அப்பாவுக்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. கிறுக்கன் என்று சிரித்தாலும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனது. பந்தி முடிந்ததும் போய்ப் பன்னிரண்டையும் எண்ணிவிட்டுத்தான் அவன் வயரைச் சுருட்டுவான்.

போன வெள்ளிக்கிழமை கொட்டாம்பட்டியில் ஒரு காதுகுத்து. காலையிலிருந்தே அவனுக்கு இனம்புரியாத பசி, நாலு இட்லி தின்றும் அடங்கவில்லை. உச்சி வேளையில் மைக்கில் பந்திக்குக் கூப்பிட்டார்கள். முடிந்ததும் வழக்கம்போல ஓரத்துக்குப் போய் எண்ணினான். பன்னிரண்டும் மடித்து இருந்தன.

மூசாவின் இலைக்கும் அப்பாவின் இலைக்கும் நடுவே, ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு, பதின்மூன்றாவதாக ஒரு இலை விரிந்து கிடந்தது. அதில் சோறு இல்லை. தண்ணீர் தெளித்து, கையால் துடைத்து, தயாராக வைத்திருந்தது.